எழுந்திருக்கச் சொல்லும் வரை

படப்பிடிப்பில் 'கட்' என்று சொன்னதும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். தலையைச் சொறிவார்கள், டீ எங்கே என்று தேடுவார்கள். அவள் மட்டும் இருந்தது இருந்தபடி இருப்பாள். கழுத்தை எந்தப் பக்கம் சாய்த்திருந்தாளோ அதே பக்கம், கை எந்தத் தூணில் இருந்ததோ அதே தூணில். உதவி இயக்குநர் யாராவது பக்கத்தில் வந்து, "எழுந்துக்கலாம் மேடம்" என்று சொன்ன பிறகுதான் அசைவாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் நாள் இதைப் பார்த்து மிரண்டுபோவார்கள். இரண்டாம் நாள் பழகிவிடும்.

திரையில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று, எங்கள் ஊர் கோம்பையில் தெருவில் கூப்பிட்ட பெயர் ஒன்று. முதல் பெயர் உங்களுக்கெல்லாம் தெரியும். இரண்டாவது பெயரைச் சொல்லிக் கூப்பிடும் யோக்கியதையை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன். அதனால் இரண்டையும் எழுதவில்லை.

நான் ஏஜெண்ட். தேனிப் பக்கம் எந்த சினிமாக் கம்பெனி வந்து இறங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். திருவிழாக் கூட்டத்துக்கு இருநூறு பேர் வேண்டுமா, முல்லையாற்றங்கரையில் ஓர் ஓட்டு வீடு வேண்டுமா, ஒப்பாரி பாட நாலு பெண்கள் வேண்டுமா, எல்லாம் நான் கொண்டுவந்து நிறுத்துவேன். அவளைக் கண்டுபிடித்தவன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அதைச் சொல்லி எனக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். நானும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இவ்வளவு அமைதியா நடிக்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஜீப்புல" என்பாள்.

அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அவள் சொன்னது நிஜம்.

விடிவதற்குள் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கேரள எல்லை மலையான கம்பம்மெட்டு ஏறும். ஒவ்வொன்றிலும் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள், எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர். அவளுடைய அம்மாவும் அதில் ஒருத்தி. அப்பன்காரன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். வீட்டில் தனியாக விட்டுப்போக மனசில்லாமலும், இன்னும் இரண்டு கை சேர்ந்தால் கஞ்சிக்காகும் என்றும், பள்ளிக்கூடம் இல்லாத நாளிலெல்லாம் மகளையும் கூட்டிப்போவாள். பிறகு பள்ளிக்கூடம் இருக்கிற நாளிலும் கூட்டிப்போனாள். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப் போகக்கூடாது என்று மேலே செக்போஸ்டில் கெடுபிடி. அதனால் செக்போஸ்டுக்கு ஒரு வளைவுக்கு முன்னால் அவள் சீட்டிலிருந்து இறங்கி, பெண்களின் காலடியில் படுத்துக்கொள்ள வேண்டும். மேலே நாலு காலிச் சாக்கைப் போடுவார்கள். சாக்குக்கு மேல் தூக்குவாளிகளை வைத்துவிடுவார்கள்.

லொக்கேஷன் பார்க்க மேலே போகும்போது அந்த ஜீப்பில் சில நாள் நானும் முன் சீட்டில் போயிருக்கிறேன். தூக்குவாளி கொஞ்சம்கூட ஆடாது. காக்கிச் சட்டைக்காரர் டார்ச் அடித்துப் பார்ப்பார். அடியில் ஒரு பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று சாமி வந்து சொன்னால்கூட நம்பமாட்டார். வண்டி கிளம்பி அரை மைல் போனதும் அவளுடைய அம்மா குனிந்து, "எந்திரி ஆத்தா" என்பாள். அதற்குப் பிறகுதான் சாக்கு அசையும்.

ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். பாதி வழியில் முடியாமல்போய் செக்போஸ்டில் இறங்கி, வேறு ஜீப்பில் திரும்பிவிட்டாள். காக்கிச் சட்டைக்கு முன்னால் சாக்கடியிலிருந்து பிள்ளையை எடுக்க முடியாது. மகளைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பெண் எஸ்டேட் வந்ததும் அவசரத்தில் மறந்துபோய் இறங்கிப் போனாள். பதினொரு மணிக்கு வண்டியைக் கழுவ வந்த டிரைவர் சாக்கை இழுத்தபோது, பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. மனுசன் அலறிவிட்டார்.

"ஏ பிள்ள! உசுரோடதான இருக்க? அப்பறம் ஏன் எந்திரிக்கல?"

"யாரும் சொல்லலையே" என்றாளாம்.

அந்த டிரைவர் இதை டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, என் தொழில் புத்தி அதை எங்கோ ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொண்டது.

அடுத்த வருடம் ஒரு கம்பெனி வந்தது. பெரிய படம் இல்லை. இயக்குநருக்கு அது முதல் படம். ஊர்க்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அழ, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பாடையில் கிடக்க வேண்டும். கிட்டத்தில், அசைவில்லாமல், ரொம்ப நேரம். வசனம் கிடையாது. நான் ஏழு வீடு ஏறி இறங்கினேன். யார் பெண்ணைத் தருவார்கள்? ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். எட்டாவதாக அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

அம்மா அப்போதுதான் மேலேயிருந்து வந்திருந்தாள். ஏலக்காய்க் கறை பட்டுக் கறுத்த கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பொணமாவாண்ணே?"

"நடிப்புதான தங்கச்சி."

"நடிப்புன்னாலும் பாடையில்ல?" கையை முந்தானையில் துடைத்தாள். "முடிஞ்சதும் சிரிக்க வப்பாகல்ல?"

அது சினிமாக்காரர்களின் சாங்கியம். பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். அதையும் கேமராவில் எடுத்துக்கொள்வார்கள். படத்தில் வராது. சாவு அந்த ஆளைத் தொற்றிக்கொண்டு வீடுவரை வந்துவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் பக்கம் பாதிச் சனம் ஏதாவது ஒரு படத்தில் கூட்டத்தோடு நின்றிருப்பதால், அவர்களுடைய சாங்கியம் எங்களுடைய சாங்கியமும் ஆகிவிட்டது. மதுரைக்காரர் எதற்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்பார். கோம்பைக்காரர் சிரித்தாச்சா என்று கேட்பார்.

"நான் பொறுப்பு. சிரிக்க வச்சுத்தான் எந்திரிக்க விடுவேன்" என்றேன்.

"நெசமா?"

"ஒம்மேல சத்தியம்."

அப்படித்தான் சொன்னேன். பெற்றவள் மேல்தான் சத்தியம் பண்ணினேன்.

மறுநாள் அம்மா வழக்கம்போல் ஜீப் ஏறிப் போய்விட்டாள். லீவு போட்டால் அடுத்த நாள் வண்டியில் இடம் இருக்காது. பிள்ளைக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டு, படப்பிடிப்புக்கு எடுத்திருந்த ஒரு காலி வீட்டு முற்றத்தில் பாடையில் படுக்க வைத்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது. ஒப்பாரிக்காரிகள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் மேல் விழுந்து அழுதார்கள். ஓர் ஈ வந்து உதட்டில் உட்கார்ந்தது. நடந்து மூக்குக்குப் போனது. கண்ணிமைக்குப் போனது. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்து நின்றார். ஒப்பாரிக்காரிகளில் ஒருத்தி பாட்டை நிறுத்திவிட்டு நிஜமாகவே அழ ஆரம்பித்தாள்.

முடிகிறபோது மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு காட்சி பாக்கி, அதை ஆற்றங்கரையில் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் கேமராவுக்குள் ஃபிலிம் ரோல். அதில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. கேமராமேன் கேட்டார், "ஏஜெண்ட், பொண்ணு சிரிக்கற ஷாட் எடுக்கணுமே?"

கையில் கடிகாரம், வாசலில் வாடகை வண்டிகள். என் வாயில் வந்தது இதுதான்:

"வேணாம் சார். லைட்டு போகுது, கெளம்புங்க. நான் பாத்துக்கிறேன்."

கிளம்பிவிட்டார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே ஆற்றங்கரைக்கு ஓடினேன். எல்லாம் முடிந்து, விட்டுவந்த பாத்திரம் பண்டங்களை எடுக்கத் திரும்பி வந்தபோது மணி ஆறரை இருக்கும். ஆள் இல்லாத அந்த வீட்டு முற்றத்தில் பாடை அப்படியே இருந்தது. அதில் அவள் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் காசோடு. தோட்டத்திலிருந்து நேரே வந்த அம்மா, கையில் தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். பெற்ற பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்த முகத்தை நான் இங்கே எழுத முடியாது. தூக்குவாளி கீழே விழுந்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

ஓடிப்போய்க் குனிந்து, "எந்திரி ஆத்தா" என்றாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்தது.

"சிரிச்சாளாண்ணே?"

"சிரிச்சா, சிரிச்சா. நல்லாச் சிரிச்சா" என்றேன்.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. 

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், பனிமூட்டத்தில், கம்பம்மெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்தது. வண்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் கை கால் முறிவோடு போயிற்று. செத்தது அவளுடைய அம்மா மட்டும்தான். பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பிள்ளை அன்றைக்கு வீட்டில் நின்றுவிட்டது.

ஒருத்தி மட்டும் செத்தால் சனம் காரணம் தேடும். தேடிக் கண்டுபிடித்தும்விட்டார்கள். படப்பிடிப்பில் ஒப்பாரி பாடிய பெண்கள் சொன்னார்கள், பிள்ளை சிரித்ததை நாங்கள் பார்க்கவில்லை என்று. அவளுடைய தாய்மாமன் நேரே என்னிடம் வந்தார். சாவு வீட்டு வாசல், சுற்றி ஐம்பது பேர். எனக்கு அன்றைக்கு வயது முப்பத்தாறு. இனிமேல் இந்த ஊரில் ஒரு வீட்டிலும் எனக்கு ஆள் தரமாட்டார்கள், பிழைப்பு போயிற்று என்பது மட்டும்தான் மனசுக்குள் ஓடியது.

"ஏப்பா, அந்தப் பிள்ளையச் சிரிக்கச் சொன்னீயா இல்லையா?"

"சொன்னேன். அவதான் சிரிக்கல."

மூன்றே வார்த்தை. 

அவள் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தாள். முற்றத்தில் பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்து 'இவரு பொய் சொல்றாரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே ஒத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அம்மாவின் உடம்பைத் தொட அவளை விடவில்லை. வாய்க்கரிசி போட விடவில்லை. "சாவக் கூட்டியாந்தவ அங்கனயே நில்லு" என்று தாய்மாமன் கையைக் காட்டிய இடம், எதிர்ச் சாரியில் ஒரு கரண்டு கம்பம். அந்தக் கம்பத்தடியில், பாடை தூக்கித் தெரு முனை திரும்பும் வரை, அவள் கண்கூடக் கொட்டாமல் நின்றாள். அழாதவள் என்று அதற்கும் சேர்த்துப் பேசினார்கள்.

அப்புறம் சின்னமனூரில் சித்தி வீடு, திராட்சைத் தோட்டத்தில் வேலை. ஏழெட்டு மாதம் கழித்து இயக்குநர் போன் பண்ணினார். "அந்த டெட்பாடி பொண்ணு எங்க இருக்கா? எடிட்டிங்ல பார்க்கறவங்க எல்லாரும் அவளப் பத்தித்தான் கேக்கறாங்க" என்றார். நான்தான் தேடிப் போனேன். நான்தான் தேனியில் பஸ் ஏற்றி, கம்பெனியில் துணிமணி பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாவோடு மெட்ராஸுக்கு அனுப்பினேன். சால்வை போர்த்தியவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது நாடறிந்தது. தங்கச்சி வேஷம், தோழி வேஷம், ஒரு படத்தில் வாய் பேசாத பெண். அந்தப் படம் அவளை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு அவளுடைய முகம் நின்றது. நகைக்கடை விளம்பரம். அதில்கூடச் சிரிக்கவில்லை. கடைக்காரர்கள் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நான் டவுனுக்குப் போனால் அந்தப் பக்கம் போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் போவேன்.

ஆண்டிபட்டியிலிருந்து நான் அனுப்பிய ஒரு அம்மா ஹைதராபாத்தில் அவளுடைய படத்தில் பிணமாகக் கிடந்துவிட்டு வந்து சொன்னாள்: "ஷாட்டு முடிஞ்சு அந்தப் பிள்ள கார்ல ஏறிருச்சுண்ணே. ஏறுனது எறங்கி வந்து, 'இந்தம்மா சிரிச்சாகளா?'ன்னு கேட்டுச்சு. இல்லன்னாக. மடிச்சு வச்ச கேமராவத் திரும்ப விரிக்க வச்சு, நான் சிரிக்கிற மட்டும் வெயில்லயே நின்னுச்சு. எம்புட்டுப் பெரிய மனசு!"

எல்லாப் படத்திலும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. எந்தத் துக்க வீட்டுக் காட்சியானாலும், கிடப்பது யாரானாலும், அந்த ஆள் சிரிக்காமல் அவள் இடத்தை விட்டுப் போகமாட்டாள். பெரிய மனசுதான். அது எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

போன தை மாதம் அவளே எங்கள் பக்கம் வந்தாள். பண்ணைப்புரத்தில் பத்து நாள் படப்பிடிப்பு, ஏஜெண்ட் நான். முதல் நாள், எல்லோரையும் போல நானும் கைகட்டி நின்று, "வணக்கம் மேடம்" என்றேன்.

"நல்லாருக்கீகளா மாமா?" என்றாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகும் அவளுடைய வாயில் கோம்பைப் பேச்சு அப்படியே இருந்தது. 

ஏழாம் நாள், கதையில் அவளுடைய அப்பாவின் சாவுக் காட்சி. உத்தமபாளையத்திலிருந்து நான் பிடித்து வந்த பெரியவர் பாடையைப் பார்த்ததும் ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே பஸ் ஏறிவிட்டார். வேறு ஆளுக்கு நேரமில்லை. உதவி இயக்குநர் பையன் தயங்கித் தயங்கி வந்தான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் உங்களையே படுக்கச் சொல்றாங்க."

படுத்தேன். குளிப்பாட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நாடியைச் சேர்த்து உச்சந்தலையில் வாய்க்கட்டு. நெற்றியில் காசு. அந்தக் காசு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் காது ரொம்பக் கூர்மையாகிவிடுகிறது. யாரோ டீ கேட்டது, யாரோ வண்டி நம்பர் சொன்னது, எல்லாம் கேட்டது. அப்படியானால் அன்றைக்கு அவளுக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. 'வேணாம் சார், கெளம்புங்க.' 

லைட் சரிபண்ணிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் மகளாக வந்து உட்கார்ந்தவள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"அம்மா செத்த அன்னைக்கி ஏன் வாயத் தொறக்கலன்னு நெனச்சுக்கிட்டே இருப்பீக, இல்ல மாமா?"

என் வாய் கட்டியிருந்தது.

"நீ அசைஞ்சா எல்லாரும் மாட்டிக்கிருவோம்னு அம்மா சொல்லிக் குடுத்துருந்துச்சு. எந்திரின்னு அம்மா சொல்லணும், அப்பறந்தான் அசையணும். அன்னைக்கிச் சொல்றதுக்கு அம்மா இல்ல. அம்புட்டுதான் மாமா. ஒங்களக் காப்பாத்தணும்னு இல்ல."

காட்சி ஓடியது. அவள் என் மேல் விழுந்து அழவில்லை. அம்மாவைத் தொட யாரும் விடாத அந்தக் கையால் என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி, கன்னம், காது. ஒவ்வொன்றாக, மெதுவாக. மூடிய கண்ணிலிருந்து எனக்குத் தண்ணீர் வந்துவிடாமல் இருக்க நான் பட்ட பாடு. 'கட்' கேட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். வாய்க்கட்டை அவளே அவிழ்த்தாள்.

"எந்திரிக்காதீக மாமா. கேமராவப் பாத்துச் சிரிங்க."

கண்ணைத் திறந்தேன். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் முகம் எனக்குக் கட்டுப்படவில்லை. உதடு கோணியது, அழுகை வந்தது.

"மேடம், லைட் போகுது. இன்னொரு ஷாட் இருக்கு" என்றான் உதவி இயக்குநர்.

"போகட்டும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். அதில் கோம்பைக்காரர்களும் உண்டு. பாடையில் கிடந்தபடியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்:

"நான் ஒன்னயச் சிரிக்கச் சொல்லவே இல்ல ஆத்தா. சொன்னேன்னு சொன்னது பொய்யி. ஒம்மேல தப்பே இல்ல." மூச்சு வாங்கியது. "இப்பச் சொல்றேன். நீ மொதல்ல சிரி. சிரிச்சிட்டு எந்திரி."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கோம்பைக்காரர்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு கேமரா பக்கம் திரும்பினாள். சாக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்த பிள்ளைக்கு வெளிச்சம் கூசுகிற மாதிரி முதலில் கண்ணைச் சுருக்கினாள். பிறகு சிரித்தாள். நகைக்கடைக்காரர்கள் கெஞ்சியும் கிடைக்காத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை.

பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"இம்புட்டுத்தான மாமா. இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

கேமராமேன் அவளைப் பார்த்தார். "மேடம், ஏஜெண்ட் இன்னும் சிரிக்கல. நிறுத்திடவா?"

"நிறுத்தாதீக. ஓடட்டும்" என்றாள்.

வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. ஆட்கள் சாமான்களை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். அவள் போகவில்லை. என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, கட்டைவிரல் கட்டை அவிழ்த்துவிட்டு, நான் சிரிக்கும் வரை அங்கேயே இருந்தாள்.